எஞ்சினை மாத்தச் சொன்ன சத்தம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் திருத்தி ஓடவைக்கிறோம் என்று சொன்னால் ஆக்கள் முதலில் கேட்பது பெயின்றைப் பற்றித்தான். என்ன நிறம் அடிக்கப்போறீங்கள், குரோம் எங்க பூசுறது, சீற் கவர் பழசு மாதிரியே தைக்கலாமோ? சத்தத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பழைய எஞ்சின் பிழைக்குமா, பழைய இரும்புக்காரரிட்டப் போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது அந்தச் சத்தம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அதைக் கேட்டவர் என்னவென்று விளங்கிக்கொள்கிறார் என்பதுதான்.

எங்களிட்ட வந்தது ஒரு ஹொண்டா சி70. 72 சிசி, ஒற்றைச் சிலிண்டர், மூன்று கியர், கையில் கிளச் இல்லை. 1958 இல் ஜப்பானில் வந்த சுப்பர் கப்பின் குடும்பம் அது. 2017 வரைக்கும் அந்தக் குடும்பத்தில் 10 கோடி வண்டிகள் செய்தாயிற்று. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இதன்ர சகோதரங்களை எல்லாரும் கண்டிருப்பீங்கள்: சி50, சி90, எம்டி90, சாலி. சந்தைக்கு மரக்கறி கொண்டு போனது, ரியூசனுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினது, செத்தவீட்டுக்குக் கதிரை கட்டிக்கொண்டு போனது எல்லாம் இவைதான்.

இந்த சி70 எங்களில் ஒருத்தனின் மாமாவுடையது. அவர் இப்ப இல்லை. மாமி அதைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில், பழைய சாரம் ஒன்றால் மூடி வைத்திருந்தா. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கியூஆர் முறை தொடங்கினபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரில் ஆகக்கூடிய தூரம் போகக்கூடிய வண்டி எது என்று கதைத்துக்கொண்டு இருந்தபோதுதான் கொட்டிலுக்குள் இருந்தது ஞாபகம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு அந்த நேரம் புது வண்டியின் விலையைக் கேட்கவே ஏலாமல் இருந்தது. அதனால் மாமியிட்டக் கேட்டோம். "ஓட வைச்சா ஓடுங்கோ. விக்கிற கதை கதைக்கக் கூடாது" என்றா.

காபிரேற்றரைக் கழுவி, புதுப் பிளக் போட்டு, பொயின்றைச் சுத்தம் செய்து கிக் அடிக்க, ஏழாவது எட்டாவது கிக்கில் ஸ்ரார்ட் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. கட கட என்று, தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. அதுக்குக் கீழே இன்னொரு அடைத்த சத்தம், டொக் டொக் என்று.

கொண்டுபோய்க் காட்டின கராஜ் ஒன்றில் அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. "கிராங் முடிஞ்சுது. பாவிச்ச எஞ்சின் ஒண்டு எடுத்து மாத்துங்கோ. இதை உடைச்சுக் கட்டுற காசுக்கு அது லாபம்" என்றார்கள். வந்து மாமியிட்டச் சொன்னோம். மாமி அலுமாரியில் இருந்து வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்தா. பொலித்தீன் உறைக்குள், இன்னொரு பொலித்தீன் உறை. அதில் செசி இலக்கமும் இருக்கு, எஞ்சின் இலக்கமும் இருக்கு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டுச் சாமான் எல்லாம் விட்டுட்டு வந்த மனுசன், இந்தப் புத்தகத்தை மட்டும் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தவராம். நாவற்குழிப் பக்கம் சனநெரிசலில் எஞ்சினை நிப்பாட்டி, சீற்றில் அரிசி மூட்டையும் மாமியின்ர அம்மாவும், அவர் தள்ளிக்கொண்டு நடந்தவராம்.

"எஞ்சினை மாத்தினா அது அவற்ற வண்டியோ? அப்பிடியெண்டா கிடந்த இடத்திலயே கிடக்கட்டும்."

ஆகவே எங்களுக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: அந்தச் சத்தம் உண்மையாகவே கிராங்கா? கிராங் என்றால், எங்கட கையிருப்புக்கு வேலை அங்கேயே முடிந்தது. இல்லை என்றால் சில ஆயிரங்களோடு தப்பலாம்.

எஞ்சினுக்குள் சத்தம் போடக்கூடிய இடங்கள் கனக்க இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஒரு குணமும் இருக்கு. வால்வுக்கு மேலே இருக்கிற ரப்பெற்றில் இடைவெளி கூடினால் தையல் மெசின் மாதிரி மெல்லிய டிக் டிக். எஞ்சின் சூடானாலும் அது பெரிதாக மாறாது. ரைமிங் செயின் தொய்ந்தால் கட கட என்ற உரசல். அக்சிலேற்றரைத் திடீரென்று மூடும்போது அது கூடும். பிஸ்ரன் சிலிண்டர் சுவரில் அடித்தால் அடைத்த டொக் டொக். எஞ்சின் குளிராக இருக்கும்போது கூடவும், சூடாகிப் பிஸ்ரன் விரிந்த பிறகு குறையவும் கேட்கும். கிராங்கோடு கொன்றொட் சேருகிற பெயாரிங், அதுதான் பிக் எண்ட், போனால் ஆழமான இடி மாதிரிச் சத்தம். பாரம் ஏற ஏறக் கூடும், சூடானாலும் குறையாது. சைலன்சர் ஹெட்டோடு சேருகிற இடத்தில் காஸ்கெற் போயிருந்தால் அதுவும் டிக் டிக் என்று ரப்பெற் மாதிரியே கேட்டு ஆளை ஏமாத்தும்.

எண்ணிப் பார்க்கலாம் என்றும் சொல்லுவார்கள். நான்கு அடி எஞ்சினில் கிராங் இரண்டு முறை சுற்றினால் வால்வைத் திறக்கிற கேம் ஒரு முறைதான் சுற்றும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஐடில் என்றால், கிராங் செக்கனுக்கு 25 தரம், கேம் பன்னிரண்டரைத் தரம். காதால் எண்ண முடியாது. ஆனால் போனில் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டால் சைலன்சரின் ஒவ்வொரு பொக்குக்கும் எத்தனை அடி விழுகுது என்று கேட்கும். எங்கட பதிவில் டொக் சத்தம் பொக்குக்கு ஒன்று. பிஸ்ரன் அடியும் பெரும்பாலும் பெற்றோல் எரியிற அடியில்தான் பலமாக விழும், பிக் எண்டும் அப்பிடி விழலாம். அதனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத ஏலாது.

இந்த இடத்தில்தான் ஐயாவிட்டப் போனோம். எழுபது வயது தாண்டினவர். கராஜை மகனிட்டக் குடுத்திட்டு முன்னால் கதிரையில் இருக்கிறவர். செல் விழுந்த நாளில் இருந்து ஒரு காது சரியாகக் கேட்காது. நாங்கள் பதிவைப் போட்டுக் காட்ட வெளிக்கிட, "போனை வைச்சிட்டு வண்டியை ஸ்ரார்ட் பண்ணும்" என்றார்.

நீட்டு ஸ்குறூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுத் துவாரத்தில் வைக்காமல் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தினார். காதுச் சவ்வு போனாலும் எலும்பு வழியாகப் போகிற அதிர்வு உள்காதுக்குப் போய்ச் சேரும். நாங்களும் வைத்துப் பார்த்தோம். வெளிச்சத்தம் எல்லாம் குறைந்து, இரும்பு ஊன்றின இடத்தின் சத்தம் மட்டும் தலைக்குள் கேட்குது. சிலிண்டரின் இடப்பக்கத்தில் வைக்க, கட கட சத்தம் பல்லுக் கூசுகிற அளவுக்கு வந்தது. சி70 இல் ரைமிங் செயின் ஓடுகிறது இடப்பக்கம்தான். வலப்பக்கம் வைக்க அது பாதியாகக் குறைந்தது. கிராங் கேசுக்கு நேரே வைத்தால் சீரான உருளல் மட்டும். டொக் சத்தம் ஆகப் பெரிதாகக் கேட்டது சிலிண்டரின் நடுவில்.

ஐயா தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. "காசு செலவில்லாததில இருந்து தொடங்குங்கோ. ஹெட்டைக் கழட்டிறது கடைசி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒழுங்கிலேயே செய்தோம். இதை வாசிக்கிற ஆருக்கும் பயன்படலாம் என்பதால் அப்பிடியே எழுதுகிறோம்.

முதல், சைலன்சர் மூட்டு. குளிர் எஞ்சினில் சவர்க்காரத் தண்ணியைப் பூசி ஸ்ரார்ட் செய்தோம். குமிழி வரவில்லை. அது இல்லை.

இரண்டாவது, ரப்பெற். இடப்பக்க மூடியைக் கழற்றி, பிளைவீலில் இருக்கிற டி குறியைக் கேசில் உள்ள கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கிற சுற்றா என்று பார்த்து, ஃபீலர் கேஜ் விட்டோம். இருக்க வேண்டியது இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர், எஞ்சின் நல்லாக் குளிர்ந்திருக்கும்போது. உள்வால்வு சரி, வெளிவால்வில் இரண்டு மடங்குக்குக் கூட. சரிப்படுத்தினோம், மெல்லிய டிக் ஒன்று நின்றது. இதில் ஒரு விசயம்: சத்தம் போகட்டும் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்குகிற ஆக்கள் இருக்கினம். அப்பிடி இறுக்கினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கொஞ்ச நாளில் எரிந்துபோகும். சத்தமே இல்லாத வால்வைவிடக் கொஞ்சம் டிக் என்கிற வால்வு நல்லது.

மூன்றாவது, ஒயில். பழசை வெள்ளைத் துணி விரித்த பேசினில் வடித்து, வெயிலில் வைத்துப் பார்த்தோம். இந்த எஞ்சினுக்குக் கடதாசி ஃபில்ரர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பி வலையும், கிளச்சோடு சேர்ந்து சுற்றி அழுக்கை ஓரத்துக்கு எறிகிற ஒரு கிண்ணமும்தான். பிக் எண்ட் உடைந்திருந்தால் வலையில் உருக்குத் தூள் மினுங்கும், காந்தம் வைத்தால் ஒட்டும். காந்தத்தில் சாம்பல் மாதிரி மெல்லிய பூச்சு மட்டும். வலையில் கிடந்தது கறுப்புத் துண்டுகள். நகத்தால் அமத்த அமுங்கின. றப்பர்!

எஞ்சினுக்குள் றப்பர் எங்க இருந்து வரும்? ரைமிங் செயின் போகிற பாதையில் இருந்துதான். சிலிண்டரின் நடுவில் செயினை வழிநடத்துகிற உருளை றப்பர். கீழே ஸ்பிரிங்கால் தள்ளிச் செயினை இறுக்கி வைத்திருக்கிற தண்டின் நுனியிலும் றப்பர்.

நான்காவது, பிக் எண்டைக் கையால் கேட்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையால் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ ஒன்றை விட்டுப் பிஸ்ரன் தலையில் முட்ட வைத்தோம். (ஈர்க்கு வேண்டாம், முறிந்து உள்ளே விழும்.) பிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்ட வேணும். பெயாரிங் தேய்ந்திருந்தால் வீல் அசைந்த பிறகு ஒரு கணம் ஸ்ட்ரோ சும்மா நிற்கும், பேந்துதான் அசையும். எங்கட ஸ்ட்ரோ வீலோடேயே அசைந்தது. பத்துத் தரம் செய்தோம், ஆளை மாத்தி மாத்திச் செய்தோம்.

ஐந்தாவது, பாரம். பாரத்துக்கு மேட்டில் ஏத்திப் பார் என்று புத்தகங்களில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்க போறது? மேடு இல்லாவிட்டாலும் காத்து இருக்கு. இன்சூரன்சும் வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்த பிறகு, கச்சான் காத்து நேரே முகத்தில் அடிக்கிற ஒரு நாள் விடியப் பண்ணை வீதியால் மண்டைதீவுப் பக்கம் போனோம். பின்னால் ஒருத்தன், மூன்றாம் கியர், அக்சிலேற்றர் முழுக்க. எஞ்சின் திணறித் திணறி இழுத்தது. இடிச் சத்தம் வரவில்லை. காத்துக்கு எதிரே இழுக்கும்போது கட கட குறைந்து, அக்சிலேற்றரை மூடின உடனே திரும்பி வந்தது. டொக் சத்தமோ இரண்டு கிலோமீற்றருக்குள் சூடு ஏற ஏற மங்கிவிட்டது.

அந்த விடியப்புறம் கிராங் மேல் இருந்த குற்றச்சாட்டு எங்களைப் பொறுத்தவரை தள்ளுபடி. ஆனால் ஹெட்டைத் திறக்க வேண்டியது உறுதி.

திறந்தோம். வழிநடத்துகிற உருளையின் றப்பர் கல்லாக இறுகி, ஒரு பக்கம் முழுக்க உடைந்து போயிருந்தது. தண்டு நுனி றப்பர் தேய்ந்து உலோகம் தெரிந்தது. செயின் சும்மா பிடித்தாலே தொய்ந்தது. உருளை, தண்டு நுனி, செயின், காஸ்கெற் எல்லாம் கொழும்பில் இருந்து ஒரு கிழமையில் வந்தது. மொத்தச் செலவு எஞ்சின் மாத்தச் சொன்ன தொகையில் பத்தில் ஒன்றுகூட வரவில்லை. பிளாக்கைக் கழற்றினபோது கொன்றொட்டை நேராக மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம். அசைவே இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது ஆடத்தான் வேணும்.

மிச்சம் இருந்தது டொக் சத்தம். இதற்குக் காரணம் இரும்புக்குள் மட்டும் இல்லை, எங்கட வரலாற்றுக்குள்ளும் இருந்தது. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் நின்றது. கிடைத்த மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிளும் காரும் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்தின பெற்றோலில் சில துளியைக் காபிரேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். அந்த வெள்ளைப் புகையையும் மணத்தையும் எங்கட அப்பா அம்மாக்களிட்டக் கேளுங்கோ. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, றிங்கைத் தாண்டிக் கீழே போய் எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கும். ஒயில் இல்லாத சுவரில் றிங் உரசினால் சுவரும் தேயும், றிங்கும் தேயும். மாமா அந்தத் தடைக் காலம் முழுக்க இந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தவர்.

எவ்வளவு தேய்ந்திருக்கு என்று அளக்கப் பெரிய கருவி எங்களிட்ட இல்லை. அதுக்கும் ஐயா ஒரு வழி சொன்னார். றிங் ஒன்றைக் கழற்றிச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன்ர இரண்டு முனைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் பார்க்க வேணும். றிங் ஓடாத அடிப்பகுதியில் 0.33 மில்லிமீற்றர். ஆகக்கூடத் தேய்கிற மேற்பகுதியில் 0.48. வித்தியாசம் 0.15. வட்டத்தின் சுற்றளவு அவ்வளவால் கூடியிருக்கு என்றால், விட்டம் அதை 3.14 ஆல் பிரித்த அளவு கூடியிருக்கு: ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த பை முதல் முதலாக எங்களுக்கு ஒயில் கையோடு பிரயோசனப்பட்டது.

இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. 0.05 என்பது எல்லைக்கோட்டில் நிற்கிற தேய்வு. சிலிண்டரை 0.25 மில்லிமீற்றர் பெரிசாக்கிக் கடைந்து, அதுக்கேற்ற பிஸ்ரன் போட்டால் சத்தம் அடியோடு போகும். ஒருத்தன் அதைத்தான் செய்ய வேணும் என்றான்: "செய்யிறதை முழுசாச் செய்வம். தேய்வை வைச்சுக்கொண்டு ஓடுறதில என்ன பெருமை?" அவன் சொன்னதில் நியாயம் இருக்கு. மண்ணெண்ணெய்க் காலத்தின் கஷ்டத்தை அழகான ஞாபகமாக்கி வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை. அது அனுபவித்தவர்களுக்கு அழகாக இருந்ததும் இல்லை. மற்றவன் வேறு கணக்குச் சொன்னான்: கடைந்த சிலிண்டரைத் திரும்பச் சின்னதாக்க ஏலாது. ஒவ்வொரு கடைசலும் எஞ்சினின் ஆயுளில் ஒரு படி. தேவை வருகிற அன்றைக்குச் செய்தால் அந்தப் படி மிச்சம்.

ஐயாவிட்டக் கேட்டோம். "குளிரில மட்டும் தட்டுற பிஸ்ரன் ஆளைக் கொல்லாது. சூட்டிலயும் தட்டினா என்னட்டக் கொண்டு வாங்கோ" என்றார். மாமியிட்டயும் கேட்டோம். மாமி சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எது செய்தா கன காலம் ஓடும்?" என்று கேட்டா. அந்தக் கேள்வியில் சண்டை முடிந்தது. சுவரை மெல்ல உரசி விட்டு, புது றிங் போட்டு, கடையாமல் பூட்டினோம்.

இப்ப கட கட சத்தம் இல்லை. டொக் இருக்கு, காலமையில் மட்டும். மாமி சில நாளைக்குப் பின்னால் ஏறிக் கோயிலுக்கு வருவா. எஞ்சின் இலக்கமும் புத்தகமும் இன்னும் ஒத்துப்போகுது. ஒரு கொப்பியில் மாதம் ஒருக்கா, குளிரில் ஸ்ரார்ட் எடுத்ததில் இருந்து டொக் நிற்கும்வரை எவ்வளவு நேரம் என்று எழுதுகிறோம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கடையிறது என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டு முதல் பக்கத்தில் எழுதியிருக்கு. கடைசியாக எழுதினது: 1 நிமிடம் 50 செக்கன்.